இரண்டு குளிர்காலம் நின்ற கோட்டை

பெல்மர் கோட்டையைப் பார்க்க இருபத்தேழு மைல் பஸ்ஸிலும் ஒன்றரை மைல் காலாலும் போனேன். அங்கே கோட்டை இல்லை. சுவர் இல்லை, அகழி இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. சாலை ஓரத்தில் ஓர் இரும்புக் கம்பமும் அதன் தலையில் ஒரு பலகையும் மட்டும் இருந்தன. அமெரிக்காவில் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். அங்குள்ள பெரிய நகரங்களைப் பற்றியும் அருவிகளைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் அந்தப் பலகையைப் பற்றி எழுதுகிறேன்.

சென்னைப் பட்டணத்துக்கு வடக்கே, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடலை ஒட்டி ஒண்டிப்பனைக்குப்பம் என்று ஒரு சிறு ஊர் இருக்கிறது. நான் அங்கே பிறந்தவள். என் நைனா கட்டுமரத்தில் மீன் பிடிக்கிறவர். ராயபுரத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு நில அளவையும் படம் வரைதலும் கற்று, ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலையில் சேர்ந்தேன். அந்த அலுவலகம்தான் என்னைப் பயிற்சிக்காக ஒஹையோ மாகாணத்துக்கு அனுப்பியது.

அக்டோபர் மாதத்தில் ஒரு புதன்கிழமை வகுப்பில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு வரைபடத் தாள். அதிலுள்ள ஏதாவது ஒரு குறியைத் தேர்ந்தெடுத்து, நேரில் போய், அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இரண்டு நாள் அவகாசம். துருக்கி தேசத்துக்காரர் ஒரு பாலத்தை எடுத்துக்கொண்டார். பிலிப்பைன்ஸ்காரர் ஒரு மாதா கோயிலை எடுத்துக்கொண்டார். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் நைனாவின் கடிதம் வந்தது.

நைனாவுக்கு எழுதத் தெரியாது. திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் எழுதித் தருவார். அண்ணாச்சி தெற்கத்திக்காரர், சுத்தமாகப் பேசுகிறவர். ஆனால் நைனா "நான் சொல்றத அப்டியே எய்து, உன் தமிழ கலக்காத" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கடிதம் இப்படி இருந்தது:

"மரகதம், நல்லா கீறியா. இங்க எல்லாரும் நல்லா கீறோம். போன வாரம் நாலு பேரு அளக்கற சங்கிலி எத்துகினு வந்து நம்ம வூட்டு வாசல்ல முளைக்குச்சி அட்சிட்டுப் போனாங்க. இன்னாபான்னு கேட்டா ஒரு நீல காயிதத்த காட்றான். ரோடு வருதாம், பைப்பு வருதாம். இந்த எடத்துல யாருமே இல்லன்றான். நாங்க நின்னுகினு கீறோம், எங்க மூஞ்சிய பாத்துகினே சொல்றான். தை பொறந்தா எல்லாத்தையும் தள்ளிடுவாங்களாம். அவன் வுட்டுட்டுப் போன காயிதத்த அண்ணாச்சி பாத்துட்டு, மூலையில ரெண்டு எய்த்து கீது, மரகதம் எய்த்து மாரி கீதுன்றாரு. எம்பொண்ணு அப்டி எய்தமாட்டான்னு நான் சொல்லிட்டேன்."

அடியில் அண்ணாச்சி தன் சொந்த நடையில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "அம்மா, அது தங்கள் எழுத்தாக இராது என்றே நானும் நம்புகிறேன்."

அது என் எழுத்துதான். எங்கள் கரையின் அந்தப் படத்தை, அமெரிக்கா புறப்படுவதற்கு முன் அலுவலகத்தில் வரைந்தவள் நான்.

கள அளவைக் குறிப்பில் இருந்தவை எனக்கு வரிசையாக நினைவில் இருக்கின்றன: மணல்மேடு, சவுக்குத் தோப்பு, உப்பங்கழி, பனைமரம் ஒன்று, குடிசைகள் நாற்பத்து மூன்று. கடைசி வரிக்கு எதிரே எங்கள் அதிகாரி சிவப்புப் பென்சிலால் 'தற்காலிகம், காட்ட வேண்டாம்' என்று எழுதியிருந்தார். பனைமரத்தைக் காட்டினேன். குடிசைகளை விட்டேன். ஓலைக் கூரையைப் படத்தில் ஏற்றுவதில்லை என்பது எங்கள் அலுவலக வழக்கம். தவிர, ஐப்பசி கார்த்திகையில் கடல் ஏறினால் எங்கள் ஆட்கள் கூரையைப் பிரித்து, கம்பைப் பிடுங்கி, முப்பது நாற்பது அடி மேற்கே கொண்டுபோய் நட்டுக்கொள்வார்கள். கடல் இறங்கினால் திரும்பி வருவார்கள். இதைப் பார்த்தே வளர்ந்ததால் 'தற்காலிகம்' என்ற சொல் எனக்குத் தப்பாகவே படவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா போக என் பெயரைச் சிபாரிசு செய்ய வேண்டியவரும் அதே அதிகாரிதான்.

அன்று சாயங்காலம் எனக்குக் கொடுத்த தாளை மறுபடி விரித்தேன். ஆற்று வளைவில், வயல்களுக்கு நடுவே, சின்னதாக ஒரு குறி. பக்கத்தில் 'பெல்மர் கோட்டை இருந்த இடம்' என்று எழுதியிருந்தது. இருக்கிற இடம் அல்ல, இருந்த இடம். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக அங்கே இல்லாத ஒன்றை இந்த ஊர்க்காரர்கள் படத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். நானோ, என் நைனா காலையில் எழுந்து பல் விளக்குகிற இடத்தை வரையவில்லை. அந்தக் குறியைச் சுற்றி வட்டம் போட்டேன்.

வியாழக்கிழமை பஸ் ஏறினேன். அந்த ஊர் பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எங்கள் பக்கத்தில் என்றால், டோல்கேட்டில் ஏறித் திருவொற்றியூரில் இறங்குவதற்குள் பக்கத்துச் சீட்டு அம்மாள் என் ஊர், சாதி, கல்யாணம் மூன்றையும் விசாரித்து, கடைசி விஷயத்தில் யோசனையும் சொல்லி முடித்திருப்பாள். அங்கே முன் சீட்டில் இருந்த இரண்டு கிழவிகள் மட்டும் மெல்லிய குரலில் பேசினார்கள்.

"ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்" என்றாள் ஒருத்தி.

"இருக்கட்டும். ஒரு ஊசி இல்லாமல் எப்படி நிற்கிறது பார். உன்னால் முடியுமா?" என்றாள் மற்றவள்.

என் புடவையில் மூன்று ஊசிகள் இருந்தன.

இறங்கிய ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் இருக்கிறது என்றதும் சந்தோஷமாகக் கேட்டேன். ஆற்றுக் கெளுத்தியைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துக் கொண்டுவந்தார்கள். ருசியாகவே இருந்தது. ஆனால் முள் இல்லை, தோல் இல்லை, தலை இல்லை. பரிமாறிய பெண்ணிடம் தலை எங்கே என்று கேட்டேன்.

"தலையா? தலையை யார் தின்பார்கள், கண்ணே?"

"எங்கள் வீட்டில் தலைக்குச் சண்டை நடக்கும்."

அவள் உள்ளே போய்ச் சொல்ல, சமையல்காரர் எட்டிப் பார்த்தார். பெரிய மனிதர், கையெல்லாம் மாவு. "நாளைக்கு வா, ஒரு வாளி நிறையத் தருகிறேன்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நிஜமாகவே வாளி நிறையத் தந்திருந்தால் மிளகாய்த்தூளுக்கு எங்கே போவது என்பதுதான் அப்போது என் கவலை.

அன்று தங்கிய வீடு ஒரு விதவை அம்மாளுடையது. சாப்பாட்டு மேஜைக்கு மேலே அவர்கள் வம்ச விருட்சத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். பெல்மர் கோட்டையில் காவலுக்கு நின்ற ஒருவனில் ஆரம்பித்து அவள் பேரன் வரை ஆறு தலைமுறை. அதைக் காட்டிவிட்டு, "உங்கள் குடும்பம் உங்கள் ஊரில் எத்தனை காலமாக இருக்கிறது?" என்று மரியாதையாகக் கேட்டாள். தெரியாது என்றேன். அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். தெரியாமல் போனதற்குக் காரணம், அதுவரை எங்களை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. எங்கள் ஆட்கள் அந்தக் கரைக்கு வந்த நாள் என்று ஒன்று இருப்பதாக நாங்களே நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ் டிரைவர் என்னைத் தப்பான சாலைப் பிரிவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. இரவல் ஓவர்கோட்டுக்குக் கீழே புடவைக் கரை பனிப் புல்லில் நனைந்துகொண்டு வந்தது. அளவு நாடா, நோட்டு, திசைகாட்டி, இரண்டு ரொட்டி, எல்லாம் ஒரு பையில். ஒன்றரை மைல் நடந்த பிறகு பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. சாலை இலாகா லாரி. ஓட்டிக்கொண்டு வந்தவர் ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, வாயில் புகையிலை. பெயர் கால்வின் என்றார்.

"எங்கே போக வேண்டும்?"

"பெல்மர் கோட்டைப் பலகைக்கு."

"அடடா. நானும் அதற்குத்தான் போகிறேன். பெயின்ட் அடிக்க."

அந்த வட்டாரத்தில் இருக்கும் பத்தொன்பது பலகைகளுக்கும் வருஷத்துக்கு ஒரு முறை எழுத்தைப் புதுப்பிப்பது அவர் வேலை. என் தொழிலைச் சொன்னதும் முகம் மலர்ந்து, லாரியின் பின்பக்கம் இருந்த தூரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒரு மெல்லிய தூரிகையை என் உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் இருப்பதைவிட நல்ல தூரிகை.

பலகை, கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அதில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: 'பெல்மர் கோட்டை. இங்கிருந்து வடக்கே இருநூறு கஜத்தில் நின்றது. மரத்தால் கட்டப்பட்டது. இரண்டு குளிர்காலம் வீரர்கள் இங்கே காவல் இருந்தனர். இப்பள்ளத்தாக்கின் முதல் குடியிருப்பு.'

"இருநூறு கஜம் தள்ளி நின்ற கோட்டைக்குப் பலகை ஏன் இங்கே?" என்று கேட்டேன்.

"இங்கேதான் கார் நிறுத்த இடம் இருக்கிறது" என்றார் கால்வின்.

கால்வின் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, வேலியைத் தாண்டி அளந்தோம். அது ஒரு பன்றிப் பண்ணை. பன்றிகள் வரிசையாக வந்து நின்று எங்கள் வேலையைப் பார்வையிட்டன. ராயபுரத்துக் கருவாட்டுக் கொட்டகையில் பழகிய மூக்கு என்பதால் நான் கர்ச்சீப்பை எடுக்கவில்லை. அதைக் கால்வின் கவனித்து மெச்சினார். இருநூற்று நான்கு கஜத்தில் ஒரு தீவனத் தொட்டி இருந்தது. வரைபடத்துக் குறியும் அதே இடத்தில்தான் விழுந்தது.

"இந்த இடம்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கே ஒன்றுமே இல்லையே."

"தோண்டினார்கள். கம்பு நட்ட இடத்தில் மண் கறுத்திருக்கும். கறுப்பு வட்டங்களாக வரிசையாக வந்தது. அவ்வளவுதான் மிச்சம். போகும்போது அவர்களே கொளுத்திவிட்டுப் போய்விட்டார்கள்."

"ஓலைக் கூரையா?"

"பலகைக் கூரை. மழையில் ஒழுகும் கூரை. பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்று ஒரு பழைய கடிதம் இருக்கிறது."

கம்பு நட்டு, கூரை போட்டு, இரண்டு குளிர்காலம் இருந்து, கொளுத்திவிட்டுப் போனவர்கள். அவர்களுக்கு இரும்புக் கம்பம், வெள்ளை எழுத்து, வருஷத்துக்கு ஒரு முறை பெயின்ட். எங்கள் குப்பத்தில் கம்பு நட்டுக் கூரை போட்டு, பிடுங்கி, மறுபடி நட்டு, எத்தனை தலைமுறை என்ற கணக்கே இல்லாமல் இருப்பவர்களுக்குச் சிவப்புப் பென்சில்.

"முதல் குடியிருப்பு என்று போட்டிருக்கிறதே. அதற்கு முன்னால் இங்கே யாரும் இல்லையா?"

கால்வின் புகையிலையைத் துப்பிவிட்டு ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "ஷானி ஜனங்களின் ஊர் இருந்தது. பெரிய ஊர். இந்த மேடு முழுக்க அவர்கள் சோளக்கொல்லை. காடு வெட்ட வேண்டாம், நிலம் திருத்தியே கிடக்கிறது என்றுதான் பட்டாளம் கோட்டையை இங்கே கொண்டுவந்து கட்டியது. சோளத்தை எரித்துவிட்டுக் கட்டினார்கள்." நம் பாடப் புத்தகங்களில் செவ்விந்தியர் என்று சொல்கிறோமே, அவர்களைச் சொல்கிறார்.

"அது பலகையில் இல்லையே."

"இல்லை."

"உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்கும் தெரிந்திருக்கும்."

"எல்லாருக்கும் தெரியும்."

"பின்னே ஏன் முதல் குடியிருப்பு?"

"வாசகத்தை ஒரு கமிட்டி எழுதிக் கொடுத்தது, அம்மா. நான் பெயின்ட் அடிக்கிறவன்தானே." அதை அவர் குற்ற உணர்ச்சியோடு சொல்லவில்லை. திமிரோடும் சொல்லவில்லை. தன் தூரிகையைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

நல்ல மனிதர். என்னை லாரியில் ஏற்றிக்கொண்டவர், நாடா பிடித்தவர், தன் சாப்பாட்டில் பாதியைத் தந்தவர். அவர் சொன்னதையேதான் எட்டு மாதத்துக்கு முன்னால் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். நான் படம் வரைகிறவள்தானே. பன்றிகள் வேடிக்கை பார்க்க, நோட்டை விரித்து, யார் மேல் கோபம் என்று பட்டியல் போட்டேன். பலகை. கமிட்டி. சிவப்புப் பென்சில். கால்வின். பிறகு கால்வின் பெயரை அடித்துவிட்டு அங்கே என் பெயரை எழுதினேன்.

திரும்பி வந்து கொடுத்த அறிக்கையில், குறி நான்கு கஜத்துக்குள் சரி என்றும், அதே இடத்தில் ஓர் ஊர் விடுபட்டிருக்கிறது என்றும் எழுதினேன். ஆசிரியர், 'கொடுத்த வேலை கோட்டையைப் பற்றியது மட்டுமே' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தந்தார். அதற்குக் கீழே, 'விடுபட்டதைச் சொல்லாமல் சரி என்று எழுத முடியவில்லை' என்று எழுதி மறுபடி அவர் மேஜையில் வைத்தேன். அப்படி எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எழுத்து கோணவில்லை.

கார்த்திகைக் கடைசியில் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. வெளி வாசலில் நைனாவும் பட்டம்மா அத்தையும் நின்றார்கள். பட்டம்மா அத்தை எனக்கு உறவு இல்லை. பக்கத்துக் குடிசைக்காரி, ராயபுரத்தில் மீன் விற்கிறவள், அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள்.

"இன்னாம்மே, எளச்சிட்ட? நாஷ்டா துன்னியா?" என்றாள். நைனா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நீலக் காகிதத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் நானே சொன்னேன்.

"நைனா, அந்த காயிதத்துல கீறது என் எய்த்துதான்."

நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பட்டம்மா அத்தைதான் வெடித்தாள். "பனமரத்த போட்டுகீறியாமே, அண்ணாச்சி சொன்னாரு. பனமரத்த போட்ட, எங்கள போடல. ஏம்மே, பனமரமா உனக்கு கொயம்பு ஊத்திச்சி?" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

டோல்கேட் தாண்டிய பிறகு நைனா பேசினார். "அத அழிக்க முடியுமா?"

"முடியாது நைனா. காப்பி எல்லா ஆபீசுக்கும் பூட்சி."

"அப்ப திருப்பி எய்து."

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குப்பத்தை அளந்தேன். அந்த வருஷமும் கடல் ஏறி, கிழக்கு வரிசைக் குடிசைகளைப் பிரித்து மேற்கே நட்டிருந்தார்கள். போன வருஷம் எங்கே, அதற்கு முந்தின வருஷம் எங்கே என்று ஒவ்வொருவரும் தங்கள் பழைய வாசலில் போய் நின்று காட்டினார்கள். சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்த 'தற்காலிகம்' பற்றி நான் சொல்லக் கேட்டுக்கொண்டே பட்டம்மா அத்தை நாடாவின் ஒரு முனையைப் பிடித்தாள். "இன்னாம்மே, கல்யாணத்துக்கு ஜாக்கெட் அளவு எடுக்கறியா? கைய கொஞ்சம் லூசா வை" என்றாள். அவள் கோபம் அங்கே முடிந்தது. ஓலை வேய்ந்த அம்மன் கோயிலையும் சேர்த்து நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், வாசல் பார்த்த திசை, உரியவர் பெயர்.

தாளை அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் மோசமான மனிதர் அல்ல. கணக்கில் கெட்டிக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"குடிசை மழைக்கு மழை இடம் மாறும்மா. மாறுறதை எப்படிப் படத்துல காட்டுறது?"

"எண்ணூர் முகத்துவாரம் வருஷா வருஷம் இடம் மாறுது சார். அதைப் புள்ளிக்கோடு போட்டுக் காட்டுறோம்."

"அது ஆறு."

"இது ஊர் சார்."

பெல்மர் கோட்டையைப் பற்றியும் சொன்னேன். "அமெரிக்கா போயிட்டு வந்தா வாய் வந்துடும்போல" என்றார். நான் தாளை மேஜையிலிருந்து எடுக்கவில்லை. திருத்தக் கோரி அளவைத் தாள் வந்தால் அந்தப் பிரிவின் அதிகாரியே நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. விதியைத் தள்ள அவருக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. பெரிய சாலையிலிருந்து குப்பத்துக்கு வண்டிப் பாதை கிடையாது. டிரைவர் வரைபடத்தைப் பார்த்தாராம். அதில் வெறும் மணல் என்று இருக்கவே, நேராகக் கடற்கரைக்கு இறங்கி, ஈர மணல் கெட்டியாக இருக்கும் என்று அலை ஓரமாகவே ஓட்டிக்கொண்டு வந்தார். வந்த இடத்தில் எதிரே உலரப் போட்ட வலைகள். படத்தில் வலைகள் இல்லை. சட்டென்று திருப்பினார். முன் சக்கரம் இரண்டும் மணலில் இறங்கின. வேகம் கொடுக்கக் கொடுக்க வண்டி உட்கார்ந்துகொண்டே போனது. ஓர் அலை வந்து டயரை நனைத்துவிட்டுப் போயிற்று.

அதிகாரி இறங்கினார். சுற்றிலும் குப்பமே நின்றது. ஒருவரும் அசையவில்லை.

"யோவ், வந்து ஒரு கை குடுங்கப்பா" என்றார் டிரைவர்.

"யாரப்பா கூப்டற?" என்றாள் பட்டம்மா அத்தை. "இங்கதான் யாருமே இல்லியே."

"காயிதத்த பாருப்பா. வெறும் மணலு. மணலு எப்டி ஜீப்ப தள்ளும்?" என்றார் என் நைனா.

"பனமரத்த கூப்டு. அது காயிதத்துல கீது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அலையைவிடச் சத்தமாக எழுந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இது உன் ஏற்பாடா?"

"இல்ல சார். ஜீப்பை இங்க கொண்டு வந்து விட்டது நம்ம படம்தான்."

"தள்ளச் சொல்லும்மா. தண்ணி ஏறுது."

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க சார். அந்தப் படத்துல என் எழுத்தும் இருக்கு."

அவர் ஜீப்பைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "தாளைக் குடு" என்றார்.

முதல் குடிசையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயர் கேட்டார். அவர்கள் சொல்ல, தாளில் பார்த்து ஒரு புள்ளி வைத்தார். அவசரப்படவில்லை. பதினேழாவது வீட்டின் அகலம் நான் எழுதியதைவிட அரை அடி குறைவு என்று நாடா போட்டுக் கண்டுபிடித்துத் திருத்தினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் மேல் மரியாதையாகவும் இருந்தது. கடைசியில் அம்மன் கோயில்.

"இது யார் வீடு?"

"அம்மன் வூடு சார்" என்றாள் பட்டம்மா அத்தை. "எய்திக்கோ. டெம்பரவரி."

அவர் பேனாவை எடுத்த கை ஒரு கணம் நின்றது. பிறகு புள்ளி வைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் தாளை விரித்து, 'நேரில் கண்டேன், சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குள் ஜீப்பின் படிவரை தண்ணீர் வந்துவிட்டது.

நைனா கையைத் தட்டினார். கட்டுமரம் இழுக்கிற கயிறு வந்தது. சக்கரத்துக்கு அடியில் உருளைக் கட்டைகள் போயின. முப்பது பேர் ஒரே குரலில் ஏலேலோ போட்டு இழுத்தார்கள். அதிகாரியும் ஓரத்தில் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தார். ஜீப் மேட்டுக்கு வந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். சாலை வரும் என்றே சொல்கிறார்கள். முளைக்குச்சிகளை யாரும் பிடுங்கவில்லை. அவற்றின் நடுவே கயிறு கட்டிப் பட்டம்மா அத்தை கருவாடு காயவைக்கிறாள். என்னை வேறு பிரிவுக்கு மாற்றி, சாக்கடைப் படங்கள் கொடுத்திருக்கிறார்கள். வரைகிறேன். அவற்றில் ஓலைக் கூரைகளும் வருகின்றன. எவரும் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கிறது.

மாறியது ஒன்றே ஒன்று. வெறும் மணலைத் தள்ள யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டைத் தள்ள வேண்டுமானால் அதில் இருப்பவருக்குப் பெயர் போட்டு நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்க வேண்டும். தை பிறந்தது. ஒருவரும் தள்ள வரவில்லை. மாசி முதல் வாரம் நாற்பத்து மூன்று நோட்டீஸ்கள் வந்தன. அம்மனுக்கும் ஒன்று. எங்கள் ஆட்கள் கைக்குச் சர்க்காரிடமிருந்து பெயர் போட்டு வந்த முதல் காகிதம் அது. சிலர் அதை வாங்கும்போது ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள்.

நைனா தன்னுடையதை எல்லார் முன்னாலும் என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பதினைந்து நாளில் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று முடிந்திருந்தது.

"அப்டின்னா இன்னா?"

"நாம பதில் எய்தலாம் நைனா."

"அப்ப எய்து."

பேனாவைத் திறந்துகொண்டு, என்ன எழுத என்று கேட்டேன். நைனா யோசிக்கவே இல்லை.

"இங்க கீறோம்னு எய்து. கீய எல்லாரையும் கைநாட்டு வெக்கச் சொல்லு. மத்தத நேர்ல வந்து கேக்கட்டும்."